மூக்கு வழியாக மூளை ஆபரேஷன்: மிஸ்ஸியிடம் அடிக்கடி கேட்டவை

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் புளோக்கில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, மிஸ்ஸிதான். இங்கே நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மூளை நரம்பு வார்டில் பல வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கோயிலிலும் கல்யாண மண்டபத்திலும் வாட்ஸ்அப்பிலும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்ததால் எழுதி வைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். உங்கள் சர்ஜன் வேறு மாதிரி சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள். உங்கள் ஸ்கேனைப் பார்த்தவர் அவர், நான் இல்லை.

"அம்மாவுக்குத் தலையில் கட்டி என்கிறார்கள், ஆனால் மூக்கில் ஆபரேஷன் என்கிறார்கள். ஃபைல் மாறிப் போச்சா மிஸ்ஸி?"

மாறவில்லை. மூக்குத் துவாரத்திலிருந்து நேராகப் பின்னால் போனால், காற்று மட்டும் நிறைந்த ஒரு எலும்பு அறை வரும். ஸ்பீனாய்டு சைனஸ் என்பார்கள். அதன் பின்சுவர் பலருக்கு முட்டை ஓடு மாதிரி மெல்லிசாக இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் குழி. அதில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி, மூளையின் அடியிலிருந்து ஒரு காம்பில் தொங்குகிறது. மூக்கு வழி ஆபரேஷனுக்கு வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கட்டி அங்கேதான்.

மண்டை ஓட்டைத் திறந்து மேலிருந்து போனால் மூளையை ஒதுக்கிக்கொண்டுதான் அந்த இடத்துக்கு இறங்க முடியும். மூக்கு வழியாகப் போனால் மூளையைத் தள்ளாமலே அடியில் போய்ச் சேரலாம். பின்வாசல் திறந்திருக்கும்போது கூரையைப் பிரித்து இறங்குவானேன்?

"அந்தச் சின்ன ஓட்டைக்குள் கை எப்படிப் போகும்?"

கை போகாது. 4 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு குழாய் போகும். அதுதான் எண்டோஸ்கோப். நுனியில் வெளிச்சம், பின்னால் கேமரா. உள்ளே இருப்பது பெரிய திரையில் தெரியும். நேராகப் பார்ப்பது ஒன்று, சாய்வாகப் பார்ப்பது ஒன்று என்று சில வகைகள் உண்டு. மூலை முடுக்கை எட்டிப் பார்க்கத்தான் சாய்வுக் குழாய்.

இரண்டு மூக்குத் துவாரத்தையும் பயன்படுத்துவார்கள். இ.என்.டி. சர்ஜன் வழியைத் திறந்து எண்டோஸ்கோப்பைப் பிடிக்க, நியூரோ சர்ஜன் இரண்டு கையாலும் கட்டியை எடுப்பார். நாலு கை வேலை. "எதற்கு ரெண்டு டாக்டர், ரெண்டு பில்லா?" என்று ஒருவர் கேட்டார். ஒருவர் விளக்கைப் பிடித்தால்தானே இன்னொருவர் கிணற்றில் இறங்கலாம்.

"தலையை மொட்டை அடிப்பார்களா?"

இல்லை. தலைமுடியைத் தொடவே மாட்டார்கள். முகத்திலும் தழும்பு இருக்காது.

"இது புது முறையாமே? நம்மை வைத்துப் பழகுகிறார்களா?"

மூக்குப் பக்கம் வழியாகப் பிட்யூட்டரியை எட்டுவது நூறு வருடத்துக்கு மேல் பழசு. 1907-ல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் ஷ்லோஃபர் என்பவர் மூக்கை வெளியிலிருந்து திறந்து செய்தார். 1910-ல் வியன்னாவில் ஹிர்ஷ் என்ற மூக்கு டாக்டர் துவாரம் வழியாகவே போனார். அமெரிக்காவில் ஹார்வி குஷிங் மேல் உதட்டுக்கு அடியில் கீறி நூற்றுக்கணக்கானவர்களுக்குச் செய்துவிட்டு, பிறகு தலையைத் திறக்கும் முறைக்கே திரும்பிவிட்டார். அவர் கைவிட்டதும் மற்றவர்களில் பெரும்பாலோரும் விட்டார்கள். எடின்பரோவில் டாட் என்ற சர்ஜன் விடவில்லை. அவரிடமிருந்து பாரிஸில் கியோ, கியோவிடமிருந்து மாண்ட்ரியலில் ஹார்டி என்று வித்தை கைமாறிப் பிழைத்தது. ஹார்டி 1960-களில் மைக்ரோஸ்கோப் கொண்டுவந்தார். 1990-களில் பிட்ஸ்பர்க்கில் எண்டோஸ்கோப் வந்தது.

ஆக, குடும்பத்தில் யாரும் கேள்விப்படாததுதான் புதுசு. ஆனால் பழக்கம் முக்கியம் என்பது உண்மை. "இந்த ஆபரேஷனை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் டாக்டர்?" என்று கேட்பதில் தப்பே இல்லை. நல்ல சர்ஜன் கோபப்பட மாட்டார்.

"கட்டி என்றாலே கேன்சர்தானே?"

பிட்யூட்டரி கட்டிகளில் கிட்டத்தட்ட எல்லாமே கேன்சர் இல்லாதவை. அவை செய்யும் தொந்தரவு இரண்டு வகை. ஒன்று, வளர்ந்து பக்கத்தில் இருப்பதை அழுத்துவது. இன்னொன்று, ஏதாவது ஒரு ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரப்பது.

இரண்டாவதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ஒரு அக்காவுக்குக் காலில் மெட்டி இறுகி, பிரிக்ஃபீல்ட்ஸ் நகைக்கடையில் அறுத்து எடுத்தார்கள். வளையல் ஏறவில்லை. சிலிப்பர் ஆறாம் நம்பரிலிருந்து எட்டுக்குப் போனது. குறட்டை, புதுசாகச் சர்க்கரை. உடம்பு போட்டுவிட்டது என்று நினைத்து நாலு வருடம் சோற்றைக் குறைத்துக்கொண்டிருந்தார். பெரியவர்களுக்குப் பாதம் இப்படி வளர்ந்துகொண்டே போகாது. வளர்ச்சி ஹார்மோன் அதிகமானால் இப்படி ஆகும். பழைய கல்யாண ஆல்பத்தையும் இப்போதைய முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒரு இளம் டாக்டர்தான் பிடித்தார்.

மண்டை அடித்தளத்தில் கார்டோமா மாதிரி கேன்சர் வகைகளும் உண்டு, கேன்சர் இல்லாத மெனிஞ்சியோமாவும் உண்டு. எடுத்த சதையைச் சோதித்த ரிப்போர்ட் வந்த பிறகுதான் எது என்று உறுதியாகச் சொல்வார்கள்.

"பக்கத்து வீட்டுச் சீனருக்கும் மூக்குக்குள் கட்டி. அவருக்குக் கத்தியே இல்லை, கதிர் சிகிச்சை மட்டும்தான். நமக்கும் அப்படிச் செய்யலாமே?"

இடம் பக்கம் பக்கம், நோய் வேறு. அவருக்கு வந்தது பெரும்பாலும் மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேல் வரும் கேன்சராக இருக்கும். மலேசியாவில் சீனர்களிடமும் சரவாக் பிடாயு மக்களிடமும் அதிகம் பார்க்கிறோம். அது கதிருக்கு நன்றாகக் கட்டுப்படும், அதனால் முதல் சிகிச்சையே கதிர்தான். நம்மவர்களுக்கு வரவே வராது என்று இல்லை. கழுத்தில் கட்டி, ஒரு பக்கக் காது அடைப்பு, சளியில் ரத்தம் என்றால் காட்டிவிடுங்கள்.

"அப்பா கண்ணாடி மாற்றத்தானே போனார்? கண் கடையிலிருந்து எப்படி மூளை டாக்டரிடம் அனுப்பினார்கள்?"

பிட்யூட்டரிக்கு நேர் மேலே இரண்டு கண் நரம்புகளும் குறுக்கே சந்திக்கின்றன. கட்டி மேல்நோக்கி வளர்ந்தால் அந்தச் சந்திப்பின் நடுப்பகுதியை அழுத்தும். அப்போது இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கப் பார்வை மங்கும். நேராக இருக்கும் எழுத்தெல்லாம் தெரியும், பக்கவாட்டு போய்விடும். குதிரைக்குக் கண்பட்டை கட்டிய மாதிரி. ஜாலான் ஈப்போவில் மூன்று மாதத்தில் இரண்டு முறை காரின் பக்கக் கண்ணாடியை உடைத்துக்கொண்ட ஒரு லாரி டிரைவருக்கு வீட்டில் கிடைத்தது திட்டுதான். பார்வைப் புலச் சோதனை செய்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

அழுத்தம் நீங்கினால் பலருக்குப் பார்வை திரும்புகிறது, சிலருக்கு மறுநாளே. ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்த நரம்பு முழுசாகத் தேறும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. திடீரென்று பொறுக்க முடியாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் எல்லாம் சேர்ந்து வந்தால் கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். அரசாங்கக் கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானில் நம்பர் எடுத்துக் காத்திருக்காமல் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.

"மாத்திரையில் கரையாதா?"

ஒரு வகை கரையும். புரோலாக்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் கட்டிக்கு முதல் மருந்தே மாத்திரைதான், கேபர்கோலின் போன்றவை. மாதவிலக்கு நின்று, பிள்ளை பெறாமலே மார்பில் பால் வருகிற பெண்களிடம் இதைப் பார்ப்போம். வெட்கப்பட்டு வெளியே சொல்லாமல் இருப்பார்கள். சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மற்ற வகைகளுக்கு மாத்திரை மட்டும் போதாது, பெரும்பாலும் ஆபரேஷன்தான்.

"எல்லாக் கட்டியையும் மூக்கு வழியாகவே எடுத்துவிடலாமா? அப்புறம் ஏன் என் அண்ணனுக்கு மட்டும் தலையைத் திறந்தார்கள்?"

நான் சொன்ன பின்வாசலின் இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனிகள் ஓடுகின்றன. கண்ணை அசைக்கும் நரம்புகளும் அங்கேதான். கட்டி நடுவில் இருந்தால் மூக்கு நல்ல வழி. தமனியைச் சுற்றிக்கொண்டோ, அதைத் தாண்டிப் பக்கவாட்டிலோ போயிருந்தால் மூக்கு வழியாகத் துரத்திக்கொண்டு போவது ஆபத்து. அப்போது மேலிருந்து போவார்கள், அல்லது இரண்டு வழியாகவும். அண்ணனுக்குச் செய்தது பழைய முறை என்று வருத்தப்பட வேண்டாம். கட்டி எங்கே இருக்கிறதோ அதுதான் வழியைத் தீர்மானிக்கும்.

அந்தத் தமனி காயப்படுவது அபூர்வம். ஆனால் பட்டால் உயிருக்கே ஆபத்து. சம்மதத் தாளில் அதை எழுதியிருப்பார்கள். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மலாய் புரியவில்லை என்றால் தமிழில் சொல்ல ஆள் கேளுங்கள், எந்த வார்டிலும் ஒருவர் கிடைப்பார்.

"மூக்கு ஆபரேஷன் செய்தவருக்குத் தொடையில் எதற்குக் கட்டு?"

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. ஒருவர் கண் விழித்ததும் அவர் மனைவி போர்வையை விலக்கிப் பார்த்து, தப்பான இடத்தில் வெட்டிவிட்டார்கள் என்று வார்டையே கூட்டினார்.

மூளையைச் சுற்றி ஒரு தெளிந்த நீர் இருக்கிறது. உடம்பு தினமும் அரை லிட்டர் அளவுக்கு அதைச் சுரந்து, உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கட்டியை எடுத்த இடத்தில் ஓட்டை இருந்தால் இந்த நீர் மூக்கு வழியாக ஒழுகும். ஒழுகும் வழியாகவே கிருமி ஏறும். அதனால் ஓட்டையை அடைக்க வயிற்றிலிருந்து கொஞ்சம் கொழுப்போ, தொடையிலிருந்து தசையை மூடியிருக்கும் சவ்வோ எடுப்பார்கள். பெரிய ஓட்டை என்றால் மூக்கின் நடுச்சுவரை மூடிய தோலையே, அதற்கு ரத்தம் தரும் நாளத்தோடு சேர்த்து உரித்து, பின்னால் திருப்பிப் போட்டு மூடுவார்கள். அர்ஜென்டினா டாக்டர்கள் வகுத்த இந்த முறை 2006-ல் வெளியானது. உயிருள்ள தோல் என்பதால் ஒட்டிக்கொள்கிறது. நீர்க்கசிவு வெகுவாகக் குறைந்ததற்கு அது ஒரு பெரிய காரணம்.

"மூக்கில் தண்ணீர் வருகிறது. சளியா, மூளை நீரா?"

முதல் சில நாட்கள் ரத்தம் கலந்த சளி வரும், அது சரிதான். தெளிந்த தண்ணீர், குனிந்தால் குழாய் திறந்த மாதிரி சொட்டுவது, தொண்டையில் உப்பாகவோ இனிப்பாகவோ இறங்குவது: இவை வந்தால் அன்றைக்கே வார்டுக்குப் போன் செய்யுங்கள். ஒரு சுத்தமான சின்ன போத்தலில் பிடித்துக்கொண்டு போனால் லேபில் சோதிப்பார்கள். கூடவே காய்ச்சல், கழுத்து விறைப்பு, வெளிச்சம் பார்த்தால் கண் கூசுவது இருந்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது.

"வீட்டுக்கு வந்தாச்சு. தும்மல் வந்தால் என்ன செய்வது?"

வாயை நன்றாகத் திறந்து தும்முங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு அடக்கினால் காற்று உள்ளே போய் அடைப்பைத் தள்ளும். மூக்குச் சிந்தக் கூடாது, டாக்டர் சொல்லும் வாரக்கணக்கு வரை. ஸ்ட்ராவில் உறிஞ்சக் கூடாது, தே ஐஸை (ஐஸ் டீ) அப்படியே குடியுங்கள். குனிந்து அரிசி மூட்டை தூக்கக் கூடாது. தலையணையை உயர்த்திப் படுக்க வேண்டும். கழிவறையில் முக்கக் கூடாது. மலமிளக்கி கொடுத்தால் "எனக்கு அதெல்லாம் தேவையில்லை" என்று வீரம் காட்ட வேண்டாம்.

சாம்பிராணிப் புகை கொஞ்ச நாளைக்கு வேறு அறையில் இருக்கட்டும். மூக்கு அடைத்தால் கோடாலித் தைலம் தடவுவது, ஆவி பிடிப்பது வேண்டாம். உப்புத் தண்ணீரால் கழுவச் சொல்வார்கள், எப்போது தொடங்கலாம் என்பதையும் அவர்களே சொல்வார்கள். பைப் தண்ணீரை அப்படியே எடுக்காதீர்கள், கொதிக்க வைத்து ஆற வைத்தது மட்டும். அபூர்வம்தான் என்றாலும், பைப் தண்ணீரில் இருக்கும் கிருமி மூக்கு வழியாக மூளைக்கு ஏறி ஆளைக் கொன்றிருக்கிறது.

"ரசம் வாசனையே தெரியவில்லை. போனது போனதுதானா?"

முதல் வாரங்களில் மூக்கு முழுக்க வீக்கமும் பொருக்கும். காற்றே மேலே போகாது, வாசனை எப்படித் தெரியும்? பலருக்குச் சில மாதத்தில் திரும்புகிறது. சிலருக்குக் குறைந்தே நின்றுவிடும். வாசனை நரம்பை ஒட்டியே கட்டி இருந்தால் போய்விடலாம், அதை முன்பே சொல்லியிருப்பார்கள். வாசனை இல்லாதவர் வீட்டில் கேஸ் கசிந்தால் தெரியாது, பழைய குழம்பு புளித்ததும் தெரியாது. வேறு யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்.

"விடிய விடிய தண்ணீர் குடிக்கிறார், விடிய விடிய பாத்ரூம். சர்க்கரை வந்துவிட்டதா?"

ஆபரேஷன் முடிந்த கையோடு என்றால் பெரும்பாலும் சர்க்கரை இல்லை. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் பிட்யூட்டரியின் பின்பாதி வழியாகத்தான் வருகிறது. அந்த இடம் அசைந்ததில் அது குறைந்தால் சிறுநீர் வெறும் தண்ணீராகக் கொட்டும், தாகம் அடங்காது. பெரும்பாலும் சில நாளில் சரியாகும். இல்லையென்றால் மருந்து இருக்கிறது.

ஆனால் குடும்பங்கள் கோட்டை விடுவது இதற்கு எதிரான நிலையில்தான். ஏறக்குறைய நாலாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் சிலருக்கு உடம்பில் தண்ணீர் தங்கி, ரத்தத்தில் உப்பு இறங்கும். தலைவலி, குமட்டல், சோர்வு, பேச்சுத் தடுமாற்றம். "ஆபரேஷன் அசதி, தெம்புக்கு நிறைய குடி" என்று 100 பிளஸ் பானமும் இளநீரும் ஊற்றுவார்கள். உப்பு இன்னும் இறங்கும். வலிப்புகூட வரலாம். ஒரு வாரத்தில் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்வது இதற்காகத்தான். ஆள் நன்றாக இருக்கிறார் என்று போகாமல் இருந்துவிடாதீர்கள்.

ஒரு மகள் ஐஸ்கிரீம் டப்பாவில் நகப்பூச்சால் கோடு போட்டு, பள்ளிக்கூட நோட்டில் "குடித்தது", "போனது" என்று இரண்டு பத்தி எழுதிக்கொண்டு வந்தாள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டுத்தான் மருந்தை மாற்றினார். ஆபரேஷன் தியேட்டரைப் பற்றி ஆயிரம் பயம் சொன்ன குடும்பங்களில், இப்படி ஒரு நோட்டு வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

"ஸ்டீராய்டு உடம்புக்குக் கெடுதல் என்று யூடியூபில் சொன்னார்கள். நிறுத்திவிட்டோம்."

உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். இது உடம்பு ஏற்றும் ஊசி இல்லை. உங்கள் உடம்பே தினமும் சுரக்க வேண்டியதைப் பிட்யூட்டரியால் இப்போது சுரக்க வைக்க முடியவில்லை, அதற்கு ஈடாகத் தருவது. திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து மயக்கமாகி, உயிருக்கே ஆபத்தாகும். சிலருக்குக் கொஞ்ச நாள், சிலருக்கு ஆயுசுக்கும். நிறுத்தலாமா என்பதை ரத்தப் பரிசோதனை சொல்லும், யூடியூப் சொல்லாது. காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும், பெரும்பாலும் இரண்டு மடங்கு என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். வாந்தியில் மாத்திரை தங்கவில்லை என்றால் ஊசிக்கு எமர்ஜென்சி. பல் பிடுங்கப் போனாலும் முதலில் இதைச் சொல்லுங்கள்.

"குணமானால் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். இந்தத் தைப்பூசத்துக்கே எடுக்கலாமா?"

முருகன் அவசரப்படுத்த மாட்டான். பத்துமலையில் 272 படி, பினாங்கு தண்ணீர்மலை என்றால் இன்னும் அதிகம். தோளில் பாரம், மூச்சடக்கிய ஏற்றம், கூட்டத்தில் தள்ளுமுள்ளு: வீட்டில் கூடாது என்று சொன்ன அத்தனையும் ஒரே நாளில். ஆபரேஷன் முடிந்து சில வாரம்தான் என்றால் கண்டிப்பாக வேண்டாம். அடுத்த வருடம் சர்ஜனைக் கேட்டுவிட்டு எடுங்கள். முடி இறக்குவது மட்டும் என்றால் தடையில்லை.

விரதம் வேறு சங்கதி. ஸ்டீராய்டு மாத்திரையிலோ, சிறுநீரைக் கட்டுப்படுத்தும் மருந்திலோ இருப்பவர் எத்தனை வருடம் ஆனாலும் சொல்லாமல் பட்டினி கிடக்கக் கூடாது. முன்கூட்டியே சொன்னால் மாத்திரை நேரத்தை மாற்றித் தருவார்கள், அல்லது வேண்டாம் என்பார்கள்.

"ஆபரேஷன் கே.எல்.லில், வீடு பினாங்கில். விமானத்தில் ஒரு மணி நேரம்தானே, போகலாமா?"

தூரம் பிரச்சினை இல்லை, காற்றழுத்தம்தான் பிரச்சினை. ஆபரேஷனுக்குப் பிறகு தலைக்குள் கொஞ்சம் காற்று மாட்டியிருக்கலாம். உயரே போனால் அது விரியும். டாக்டர் சரி சொல்லும் வரை ரயிலில் பட்டர்வொர்த் போய், ஃபெர்ரி ஏறுங்கள். விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய கெந்திங் மலை உச்சியில் இருப்பது மாதிரிதான், அதனால் "காற்று வாங்க" கெந்திங் போகும் யோசனையையும் தள்ளிப் போடுங்கள்.

"பிரைவேட்டுக்குப் போனால்தான் நல்லதா? செலவு?"

பிரைவேட்டில் பல்லாயிரம் வெள்ளி (ரிங்கிட்) ஆகும். மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்பீடு) இருந்தால் எது அடங்கும் என்று முதலிலேயே கேளுங்கள். அரசாங்க மருத்துவமனையில் குடிமக்களுக்கு நிபுணர் கிளினிக் கட்டணம் 5 வெள்ளி, ஆபரேஷனும் அந்த மானியக் கணக்கில்தான். பணத்துக்குப் பதில் நாளைக் கொடுக்கிறோம். ஸ்கேனுக்கும் வரிசை, படுக்கைக்கும் வரிசை. பார்வை மங்கிக்கொண்டே வருகிறது என்றால் கடிதத்தில் அதை எழுதச் சொல்லுங்கள், வரிசையில் முன்னால் வர அதுதான் காரணமாகும். அனுபவத்தைப் பற்றி மேலே சொன்ன கேள்வியை இரண்டு இடத்திலும் கேளுங்கள். சுவரின் பளபளப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

"எல்லாம் எடுத்தாச்சு என்றார் டாக்டர். அப்புறம் ஏன் மூன்று மாதத்தில் மறுபடி எம்.ஆர்.ஐ.?"

உடனே எடுத்தால் ரத்தம், வீக்கம், அடைத்து வைத்த கொழுப்பு எல்லாம் கட்டி மாதிரியே தெரியும். அடங்கிய பிறகு எடுப்பதுதான் இனிமேல் ஒப்பிட்டுப் பார்க்க அடிப்படைப் படம். தமனியை ஒட்டி ஒரு துளியை வேண்டுமென்றே விட்டிருக்கலாம், முன்பு சொன்ன ஆபத்துக்காக. அது வளர்ந்தால் கதிர் சிகிச்சையோ மறு ஆபரேஷனோ. வளராமலே வருடக்கணக்கில் கிடப்பதும் உண்டு.

"மாமா மோட்டார் சைக்கிளில் விழுந்தபோது எடுத்த ஸ்கேனில் 6 மில்லிமீட்டர் கட்டி தெரிந்ததாம். ஒரு தொந்தரவும் இல்லை. ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?"

பெரும்பாலும் டாக்டரே வேண்டாம் என்றுதான் சொல்வார். 10 மில்லிமீட்டருக்குக் குறைந்த கட்டிகள் பலருக்குத் தெரியாமலே இருக்கின்றன. ஹார்மோன்களுக்கு ரத்தப் பரிசோதனை, ஒரு வருடம் கழித்து இன்னொரு ஸ்கேன், வளரவில்லை என்றால் இடைவெளியைக் கூட்டுவார்கள். ஆபரேஷன் இல்லை என்றால் ஃபைலை மூடிவிட்டதாக அர்த்தமில்லை, தேதியை காலண்டரில் எழுதுங்கள்.

"தொந்தரவு இல்லை" என்பதை மாமா வாயால் மட்டும் கேட்டு நம்பாதீர்கள். மோதிரம் கழற்ற வருகிறதா, பழைய சப்பாத்து காலுக்கு நுழைகிறதா என்று மாமியிடம் கேட்டுப் பாருங்கள்.